பூஞ்சை என்னும் வல்லுயிர்

(உள்ளூர்த் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் இம்மன்றத்தில் யான் தொல்காப்பிய மரபியலைப் பற்றிப் பேசி அமர்ந்தபின், வேளாண் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். “ஐயா, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியர் பகுத்தார் என்று பெருமையோடு சொன்னீர்கள். நன்று. மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதில் உள்ளதைத் தமிழில் ஒரு மணிநேரம் பேச உங்களால் முடியுமா?” என்றார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். யான் சுளிக்கவில்லை. தமிழால் எதுவும் இயலும் என்று முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கி வருபவனிடம், ‘எங்கே, செய்து காட்டு’ என்று ஒருவர் கேட்டால் அது முறையான கேள்விதானே? ஆனால் அன்று என்னிடம் விடையில்லை. ஒரு திங்கள் காலம் வேண்டினேன். அவ்விளைஞரே நூல்களையும் ஆய்வுரைகளையும் கொணர்ந்து தந்தார். மாலைதோறும் இருவரும் அமர்ந்து படித்தோம். அவர் ஆசிரியரானார்; யான் மாணாக்கன் ஆனேன். பிழை நேர்ந்தால் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் எழுந்து திருத்துவார். திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் பேச்சு வழக்கில் பூஞ்சை என்றால் வலுவற்றது. ‘பிள்ளைக்குப் பூஞ்சை உடம்பு’ என்கிறோம். காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் என்பது கருத்து. அதே சொல், ஊறுகாய்ப் பானையின் மேல் வெள்ளையாகவும் பச்சையாகவும் படர்கின்றதே, அதற்கும் பெயராகியுள்ளது. பூசணம், பூஞ்சணம், பூஞ்சாளம் என வட்டாரந்தோறும் வடிவம் மாறும். பழஞ்சோறு ‘பூத்துவிட்டது’ என்று நம் வீட்டுப் பெண்டிர் சொல்வதை நோக்கினால், பூத்தல் என்னும் வினையே இவற்றுக்கெல்லாம் வேர் என்பது என் துணிபு. இவ்வினத்தில் மண்ணுக்கு மேலே குடை விரிப்பதைக் காளான் என்கிறோம். பழந்தமிழில் அது ஆம்பி. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் பாடிய புறப்பாட்டில், நெடுநாள் உலையேறாத அடுப்பில் ஆம்பி முளைத்த வறுமை பேசப்படும். அவ்வடுப்பை நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் அதனிடம் திரும்புவோம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பூஞ்சை தன் இனம் பரப்ப உதிர்க்கும் பொடி போன்ற வித்துகளுக்குச் சொல்லாக்க அறிஞர் சிலர் ‘சிதல்’ என்று எழுதுகின்றனர். எனக்கு உடன்பாடில்லை. பழைய நூல்களில் சிதல் என்பது கறையான். மண்ணைப் பற்றிப் பேசும்போது கறையானும் வரும், இதுவும் வரும், குழப்பம் எதற்கு? நுண்வித்து என்றே சொல்வேன்.

பூஞ்சை செடியினமும் அன்று, விலங்கினமும் அன்று, தனிக் குடி. அதனிடம் பச்சையம் இல்லை. ஆகவே கதிரவன் ஒளியில் தனக்கு உணவாக்கிக் கொள்ள இயலாது. வாயும் வயிறும் இல்லை. ஆகவே விழுங்கவும் இயலாது. தான் படர்ந்திருக்கும் பொருளின் மேல் செரிநீரைக் கசியவிட்டு, வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதன் உடம்பு முழுவதும் இழைதான். நம் தலைமயிரைப் பத்தாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவு பருமன் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவே ஓரிழையின் பருமன். விரல்நுனியில் நீங்கள் எடுக்கும் ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் அவ்விழை பல மீட்டர் நீளம் சுருண்டு கிடக்கும். இலையும் தழையும் சருகும் கட்டையும் மக்கி மண்ணாவது பெரிதும் இவ்விழைகளின் வேலை.

இனி ஆய்வுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு, ஆசுத்திரேலிய நாட்டின் மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலெனோரா எகிடி, பிரசேசு சிங் முதலானோர் பன்னாட்டு அறிஞரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். உலகின் பல கண்டங்களிலிருந்து 235 இடங்களின் மண்ணை எடுத்து, அம்மண்ணுள் கிடந்த மரபிழைகளைக் கொண்டு எந்தெந்தப் பூஞ்சைகள் வாழ்கின்றன என்று கணக்கெடுத்தனர். காடு, புல்வெளி, பாலை என எல்லா நிலமும் அதில் அடக்கம். பல்லாயிரம் வகைகள் கிடைத்தன. வியப்பு அங்கே இல்லை. அவ்வளவு வகைகளுள் வெறும் 83 வகைகளே உலக மண்ணில் பெரும்பான்மையான இடங்களில் மேலோங்கி நிற்கின்றன என்று கண்டதுதான் வியப்பு. 83 என்பது கிடைத்த வகைகளில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவற்றுள் மிகப்பல, சிறுபைகளுக்குள் நுண்வித்துகளை அடைத்து வைக்கும் பைப்பூஞ்சைக் குடியைச் சேர்ந்தவை. காற்றில் பரவுபவை. இன்ன மரம்தான் வேண்டும், இன்ன மண்தான் வேண்டும் என்று கேளாதவை.

ஏன் இவை மட்டும்? அதற்கும் அவர்கள் விடை தேடினர். மேலோங்கிய பூஞ்சைகளின் மரபணுத் தொகுதியையும், அவ்வளவு மேலோங்காத பிறவற்றின் தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டனர். முன்னவற்றில் இரண்டு வகையான மரபணுக்கள் மிகுதியாக இருந்தன. ஒன்று, இடர் தாங்கும் மரபணு. மற்றொன்று, கிடைத்ததை உணவாக்கிக் கொள்ளும் மரபணு. இல்லாமையைத் தாங்குதலும் கிடைத்ததை விடாமையும் ஆகிய இவ்விரண்டைக் கொண்டே அவை ஞாலத்தைப் பிடித்திருக்கின்றன என்று அவ்வறிஞர் கருதுகின்றனர். பூஞ்சை என்ற சொல்லுக்கு வலுவின்மை என்று பொருள் கொண்டிருந்த நான், இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

இடர் என்றால் மண்ணுக்குள் என்ன இடர்? முதலாவது வறட்சி. கோடையில் மண் காயும்போது மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அறுந்து போகிறது. பாக்டீரியம் எனப்படும் குச்சுயிரிகள் அந்நீர்ப்படலத்துக்குள் நகர்பவை. படலம் அறுந்தால் தீவில் அகப்பட்டவர் போல் ஆகிவிடும். பூஞ்சையோ இழையை நீட்டித் துகளுக்குத் துகள் பாலம் கட்டிக்கொள்கிறது. இடையில் காற்றுவெளி இருந்தாலும் தாண்டிவிடும். தொலைவில் எங்கோ ஈரம் இருந்தால் அதை இழைவழியே இழுத்துக் கொள்ளும். இங்கிலாந்தில் புல்வெளி மண்ணை வறட்சிக்கு உட்படுத்திப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றிலும், குச்சுயிரிகளின் உறவுவலை குலைந்த அளவுக்குப் பூஞ்சைகளின் வலை குலையவில்லை என்று கண்டனர்.

வறட்சி முற்றினால் உயிரணுவுக்குள் இருக்கும் நீரே வெளியேறத் தொடங்கும். அப்போது பூஞ்சை தன் உயிரணுவுக்குள் கிளிசெரால் போன்ற பொருள்களைச் சேர்த்து நீரை உள்ளே நிறுத்திக்கொள்ளும். திரெகலோசு என்றொரு சருக்கரையும் உண்டு. புரதங்கள் உருக்குலையாதபடி அது அவற்றைக் காக்கும். ஊறுகாய்க்கு உப்பிடுவதும் பழத்தைப் பாகில் போடுவதும் நுண்ணுயிர்களின் நீரை உறிஞ்சிக் கொல்வதற்கே. அவ்வளவு உப்பிட்டும் பானையின் வாயில் பூசணம் பூக்கிறது என்றால், நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் பார்ப்பது இந்தத் தாங்கும் ஆற்றலைத்தான். அடுத்தது கருநிறமி. வெயிலில் வாடும் நிலங்களின் பூஞ்சைகள் பலவற்றின் உயிரணுச் சுவர் கறுத்திருக்கும். நம் தோலைக் கறுப்பாக்கும் அதே இனப் பொருள்தான். வெயிலின் புற ஊதாக் கதிரை அது தாங்கிக் கொள்கிறது. எல்லாம் கடந்தால், தடித்த தோடு போர்த்த நுண்வித்தாகிப் பூஞ்சை உறங்கிவிடும். எழுப்புவார் வரும்வரை உறங்கும்.

இனி அந்த அடுப்புக்கு வருவோம். காடு எரிந்தபின் மண்ணில் முதலில் தலைகாட்டும் உயிர்களுள் பூஞ்சை உண்டு. பைரோனிமா என்றொரு வகை. பெயரிலேயே தீ இருக்கிறது. சூட்டில் மற்றவை மாண்டபின் வெறுமையான கரிமண்ணில் செம்மஞ்சள் நிறத்தில் பரந்து பூக்கும். தீயில் கருகிய கரிப்பொருளையே அது உணவாக்கிக் கொள்கிறது என்பதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. நியூரோசுபோரா என்பது இன்னொன்று. அதன் நுண்வித்து வெறுமனே நீர் ஊற்றினால் முளைக்காது. ஏறத்தாழ 60 பாகை வெப்பம் பட்டால்தான் விழிக்கும். 1843இல் பாரிசு நகரத்து அடுமனைகளில் அது செம்மஞ்சளாகப் படர்ந்து தொல்லை கொடுத்ததாகக் குறிப்பு உண்டு. அடுமனைச் சூடு அதற்கு எழுப்புமணி! அதே பூஞ்சையை வைத்து அமெரிக்க அறிஞர் பீடிலும் டேட்டமும் 1941இல் மரபணுவின் வேலை இன்னதென்று காட்டினர். 1958இல் நோபல் பரிசு பெற்றனர்.

தீயினும் கொடிது ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு உக்கிரைன் நாட்டின் செர்னோபில் அணுவுலை வெடித்தது. மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்நிலத்தின் மண்ணையும் உடைந்த உலையின் சுவர்களையும் கீவ் நகரத்து நுண்ணுயிரியல் அறிஞர் நெல்லி சுதானோவாவும் அவர் குழுவினரும் பதினைந்து ஆண்டுக்காலம் ஆராய்ந்தனர். 200 இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2000 பூஞ்சை மாதிரிகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் கருநிறப் பூஞ்சைகள் பல. அவற்றுள்ளும் சில, கதிர்வீசும் துகளை நோக்கித் தம் இழையை வளர்த்துச் சென்றதை அவர்கள் 2004இல் எழுதினர். பின்னர் 2007இல் நியூயார்க்கு நகரில் தாதச்சோவாவும் கசதேவாலும், கருநிறமியுள்ள பூஞ்சைகள் கதிர்வீச்சின் கீழ் விரைந்து வளர்ந்ததைக் காட்டினர். உடனே செய்தித்தாள்கள் ‘கதிர்வீச்சைத் தின்னும் பூஞ்சை’ என்று எழுதிவிட்டன. தின்கிறது என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. தாங்குகிறது என்பது உறுதி. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அறிவியலில் சொல்லைக் கூட்டிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

இங்கே ஓர் ஒப்புதல் செய்ய வேண்டும். இவ்வளவையும் படித்தபோது என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். என்ன எழுதினேன் என்று நீங்களே உணர்ந்திருப்பீர்கள். தீயிட்டும் அழியாதது, வறட்சியிலும் மடியாதது, மேலே மிதித்தாலும் மண்ணுக்குள் வாழ்வது – நம் மொழி! கைதட்டல் வாங்கும் பக்கம் அது. மறுநாள் அவ்விளைஞரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, அந்த 83 பூஞ்சைகளுக்கும் சொந்த மண் எது?” என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். உண்மைதான். அவை காற்றில் வந்தவை. எந்த மண்ணிலும் இருப்பவை. எந்த மண்ணுக்கும் உரியவை அல்ல. ஒப்பிடத்தான் வேண்டும் என்றால், எல்லா நாட்டிலும் ஏறி அமர்ந்திருக்கும் வேறொரு மொழிக்கல்லவா ஒப்பிட வேண்டும்? குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். உயிரியலை உவமைக்காகப் படிப்பது எங்களைப் போன்ற புலவர்களுக்கு ஒரு நோய். பூஞ்சை பூஞ்சையாகவே இருக்கட்டும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை வேறொரு பக்கம் இழுத்துச் சென்றது. மண்ணுக்கு உரிய பூஞ்சை உண்டா? உண்டு. அமெரிக்காவில் இயெல்லோசுடோன் என்றொரு வெந்நீர் ஊற்று நிலம் இருக்கிறது. அங்கே மண்ணே கொதிக்கும். அம்மண்ணில் ஒரு புல் வளர்கிறது. அப்புல்லுக்குள் கர்வுலேரியா என்னும் பூஞ்சை குடியிருக்கிறது. 2002இல் இரெட்மன் முதலான அறிஞர் அவ்விரண்டையும் பிரித்து வளர்த்துப் பார்த்தனர். புல் தனியாக 40 பாகைச் சூட்டைத் தாங்கவில்லை. பூஞ்சையும் தனியாகத் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் 65 பாகைச் சூட்டையும் மண்ணில் தாங்கின. ஐந்தாண்டு கழித்து, 2007இல், இன்னொரு செய்தி வெளிவந்தது. அப்பூஞ்சைக்குள் ஒரு நச்சுயிரி குடியிருக்கிறது. நச்சுயிரியை நீக்கிவிட்டால் பூஞ்சை இருந்தும் பயனில்லை, புல் கருகிவிடுகிறது. திரும்பச் சேர்த்தால் மீண்டும் தாங்குகிறது. புல்லுக்குள் பூஞ்சை, பூஞ்சைக்குள் நச்சுயிரி. மூவர் கூடினால்தான் வாழ்வு. நோய் என்று நாம் அஞ்சும் ஒன்று அங்கே உயிர்காப்பாக இருக்கிறது.

அதனினும் என்னை ஈர்த்தது கடற்கரைப் புல். அதே அறிஞர் குழுவினர் 2008இல் எழுதியது. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோர மணலில் வளரும் ஒரு புல்லுக்குள் பியூசேரியம் இனப் பூஞ்சை வாழ்கிறது. கோதுமை வயலில் அவ்வினம் நோய் செய்யும். கடற்கரையிலோ, புல்லுக்கு உப்பைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது. சரி, அதே இனப் பூஞ்சையை உப்பில்லாத உள்நாட்டு மண்ணிலிருந்து எடுத்து வந்து அப்புல்லில் குடியேற்றினால்? குடியேறும், உப்பைத் தாங்கும் ஆற்றலை மட்டும் தராது. வெந்நீர் நிலத்துப் பூஞ்சை சூட்டைத் தாங்க வைக்கும்; உப்பைத் தாங்க வைக்காது. இனம் ஒன்றாக இருந்தும், எந்த மண்ணில் வாழ்ந்ததோ அம்மண்ணின் இடருக்கே அது துணை. ஆகவே ஒரு நிலத்தின் மண்ணுயிர்களை அழித்துவிட்டுப் பிறகு கடையிலிருந்து பொட்டலம் வாங்கித் தூவினால் போனது திரும்பும் என்று எண்ண வேண்டா. பொட்டலத்தில் வருவதும் நல்லதே. ஆனால் அது வேறு.

உழவர் பெருமக்களே, இதுவரை வியந்து கேட்டீர்கள். இனி அஞ்ச வேண்டிய பகுதி.

இடர் தாங்கும் பூஞ்சைகள் எல்லாம் நமக்கு நண்பர்கள் அல்ல. 2019இல் கணக்கெடுத்தார்களே, அப்படி உலகெங்கும் எடுத்த 235 இடங்களின் மண்ணை வைத்து தெல்காதோ பக்கெரிசோ என்னும் இசுபானிய அறிஞரும் அவர் குழுவினரும் 2020இல் இன்னோர் ஆய்வு வெளியிட்டனர். வெப்பம் மிகுந்த நிலங்களில், பயிர்க்கு நோய் செய்யும் பூஞ்சைகளின் பங்கு மிகுந்திருக்கிறது. இசுபெயினில் ஒன்பது ஆண்டுக்காலம் மண்ணைச் செயற்கையாகச் சூடேற்றிப் பார்த்ததிலும் அதே முடிவு. ஞாலம் சூடேறி வருகிறது. சூடேறும் மண்ணில் எவை மிஞ்சும்? தாங்குபவை மிஞ்சும். அவற்றுள் பியூசேரியமும் ஆல்டெர்னேரியாவும் உண்டு. அவை உலர்ந்த மண்ணிலிருந்து காற்றேறிப் போவதையும் யாரும் தடுக்க இயலாது. கலிபோர்னியாவின் வறண்ட பள்ளத்தாக்கு மண்ணில் காக்சிடியாய்டிசு என்றொரு பூஞ்சை வாழ்கிறது. மழையில் இழைவிட்டு வளர்ந்து, கோடையில் துண்டுதுண்டாக உடைந்து புழுதியோடு கலந்து, மூச்சுவழி மாந்தர் நுரையீரலுக்குள் புகும். 1977 திசம்பரில் அங்கே அடித்த புழுதிப்புயல் அந்நோயை நூற்றுக்கணக்கான கல் தொலைவுக்குக் கொண்டு சென்றது. 1994இல் நிலநடுக்கத்தால் மலைச்சரிவு மண் சரிந்து எழுந்த புழுதியால் 203 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்தப் பூஞ்சை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது; இங்கு நமக்கு அச்சமில்லை. நமக்கு உரியவை வேறு இரண்டு.

ஒன்று நிலக்கடலையில் வருவது. ஆசுபெர்கில்லசு பிளேவசு என்னும் மஞ்சட்பச்சைப் பூஞ்சை. மண்ணில் வாழ்வது, வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சாதது. நிலக்கடலை பூப்பது மேலே, காய்ப்பது மண்ணுக்குள். ஆகவே இரண்டும் அடுத்தடுத்த வீடு. காய் முற்றும் நாள்களில் மழை பொய்த்தால் செடி வாடும். செடியின் காப்பு குறையும். பூஞ்சை உள்ளே புகும். கறையான் கடித்த காயென்றால் வாயிலைத் திறந்து வைத்தது போல. புகுந்தபின் அது சுரக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும். ஈரற் புற்றுக்கும் அது கரணியம். 1960இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற தீனியில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அதைத் தொடர்ந்த தேடலில்தான் அபிளா நஞ்சு என்பதே உலகுக்குத் தெரிந்தது. அந்நஞ்சு அடுப்புச் சூட்டில் எளிதில் அழியாது. ஆகவே கடைசிக் கட்டத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்ச இயன்றால் பாய்ச்சுங்கள். பிடுங்கிய கடலையைக் குவித்து வைக்காமல் விரைந்து காயவையுங்கள்; பருப்பின் ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழே வரவேண்டும். சுருங்கியதும் பூத்ததும் தனியே பொறுக்கப்படட்டும். பொறுக்கியதை மாட்டுக்குப் போடாதீர்கள். பால்வழியே அது பிள்ளைக்கு வரும்.

மற்றொன்று வாழை. பியூசேரியம் ஆக்சிசுபோரம் இனத்தில் வாழையைத் தாக்கும் ஒரு வகை வாடல் நோய் செய்கிறது. நம்மூர் இரசுதாளி அதனிடம் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. நோயுற்ற வாழையை வெட்டி எறிந்துவிடலாம். மண்ணில் தங்கும் தடித்த தோட்டு நுண்வித்தை என்ன செய்வது? பத்தாண்டு, இருபதாண்டு கடந்தும் அது விழித்துக்கொள்ளும். நடு அமெரிக்கத் தோட்டங்களில் குரோசு மிசேல் என்னும் வாழையை அது 1960க்குள் ஏறத்தாழத் துடைத்தே விட்டது. அதற்கு மாற்றாகக் காவெண்டிசு வாழை வந்தது. இப்போது காவெண்டிசையும் கொல்லும் நான்காம் வகை தென்கிழக்காசியாவிலிருந்து பரவி, 2019இல் கொலம்பியா நாட்டில் உறுதி செய்யப்பட்டது. நம் நாட்டில் பீகாரிலும் கண்டறியப்பட்டுள்ளது. அது காற்றைவிட மிகுதியாக மாந்தர் கைவழியே போகிறது. கன்று, மண், மண்வெட்டி, செருப்பு, வெள்ளநீர் – இவையே அதன் ஊர்திகள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயிரியல் அறிஞர் சதாசிவன் அவர்களும் அவர் மாணாக்கரும் பருத்தியின் பியூசேரிய வாடல் நோயை ஆராய்ந்து, அப்பூஞ்சை செடிக்குள்ளேயே நஞ்சு சுரக்கிறது என்பதை 1950களிலேயே காட்டி உலகப் புகழ் பெற்றனர். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி.வி. சுப்பிரமணியன் 1971இல் வெளியிட்ட பூஞ்சை நூலை உலகின் பூஞ்சையியலார் கையில் வைத்திருக்கின்றனர். இவ்வளவும் நம் தலைநகரில் நடந்தது. ஆனால் பருத்தி விதைத்தவன் வீட்டில் அச்செய்தி எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது? ஆய்வுரையை ஆங்கிலத்தில் எழுதியதை யான் குற்றம் சொல்லவில்லை. உலகம் படிக்க வேண்டுமே. எழுதியபின் அதே கையோடு தமிழில் பத்துப் பக்கம் எழுத வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. எங்களைப் போன்ற தமிழாசிரியர்களும் கேட்கவில்லை. நாங்கள் அப்போது எதுகை மோனையில் திளைத்திருந்தோம். அக்குற்றத்தில் என் பங்கை யான் ஏற்கிறேன்.

வாழைக்கு என்ன செய்யலாம்? நோயுற்ற தோட்டத்துக் கன்றை அடுத்த தோட்டத்துக்கு எடுக்காதீர்கள். வாடிய மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து, குழியில் சுண்ணாம்பு இடுங்கள். வாய்க்கால் வசதி உள்ளோர் இடையில் நெல் பயிரிட்டால், தேங்கும் நீரில் காற்றில்லாமல் அப்பூஞ்சை ஓரளவு மடியும். முற்றும் அழியும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். திரைக்கோடெர்மா என்பதும் மண்ணில் வாழும் பூஞ்சையே. மற்றப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்னக்கூடியது. அதனைத் தொழுவுரத்தோடு கலந்து இடலாம். மக்கு இல்லாத வெற்று மண்ணில் தூவிவிட்டுப் பயனில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. அதற்கும் உணவு வேண்டும், ஈரம் வேண்டும். தன் மண்ணில் எது வாழ்கிறது என்பதை உழவன் அறிய வேண்டும். அறிய வேண்டுமானால் அதற்கு அவன் மொழியில் பெயர் இருக்க வேண்டும். பூஞ்சை, இழை, நுண்வித்து, வாடல், உறக்கம் – இன்று ஒரு மணிநேரம் பேசியதற்கு இச்சொற்களே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. போதாத இடத்தில் பிறமொழிப் பெயர்களை நம் எழுத்தில் சொன்னேன். தம்பி, நீங்கள் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருமுறைகூட எழவில்லை, கண்ணயர்ந்துவிடவில்லையே?

நம் மன்றத்து முன்வரிசையில் பெரியவர் ஒருவர், தம் தோட்டத்தில் வாடிய இரசுதாளியின் தண்டொன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வெளியே திண்ணையில் வைத்துக் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் புள்ளியும் வளையமும் தெரிந்தால் அது பியூசேரியம். சாக்கை இங்கேயே எரித்துவிடுவோம். ஐயா, வெட்டிய அரிவாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமுன் தீயில் வாட்டிக்கொள்ளுங்கள்; செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணையும் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.